வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி: கட்டாயமானது எது, தேவையறிந்து இடுவது எது?

வீட்டில் வளரும் நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி இடுவது அவசியந்தானா என்னும் வினாவைக் களப்பணியாளர்கள் அடிக்கடி எதிர்கொள்ள நேரிடுகிறது. பள்ளி ஆசிரியரிடமும் மாணவர்கள் இதனைக் கேட்கின்றனர். இதற்குப் பொதுவாக இருவகை விடைகள் கூறப்படுகின்றன. “நாய் நலமாகத்தானே இருக்கிறது, ஊசி எதற்கு?” என்பது ஒன்று. “மருந்துப் பெட்டியில் உள்ள ஊசிகள் யாவற்றையும் ஆண்டுதோறும் இட்டுவிட வேண்டும்” என்பது மற்றொன்று. இவ்விரண்டுமே பிழையானவை. முதலாவது விடை உயிருக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடியது. இரண்டாவது விடை ஏழைக் குடும்பத்தின் பணத்தைச் செலவழிப்பதுடன், நம் சொல்லின்மேல் அவர்கள் கொண்ட நம்பிக்கையையும் குறைத்துவிடும்.

மேலே கூறிய வினா பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினும் உண்மையில் அது இரு வினாக்களால் ஆனது. வெறிநோய்த் தடுப்பூசி வேண்டுமா என்பது ஒரு வினா. ஏனைய நாய் நோய்களுக்கான தடுப்பூசிகள் வேண்டுமா என்பது வேறொரு வினா. முன்னது நாயை வளர்ப்பவர் தாமே முடிவு செய்துகொள்ளும் காரியமன்று. பின்னது நாயின் வயது, அது வாழும் இடம், குடும்பத்தின் வசதி ஆகியவற்றைச் சீர்தூக்கி முடிவு செய்ய வேண்டியதாகும். இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையை இக்கட்டுரையில் ஆராய்வோம். கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்திலுள்ள அகளியையும் அதைச் சுற்றியுள்ள அட்டப்பாடிப் பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இடமும் நாயும்

அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில் அகளி, புதூர், சோலையூர் என மூன்று ஊராட்சிகள் உள்ளன. பவானி, சிறுவாணி ஆகிய ஆறுகள் இதனூடே பாய்கின்றன. இருளர், முடுகர், குறும்பர் என்னும் பழங்குடி மக்கள் சிறு சிறு ஊர்களாக வாழ்கின்றனர். தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் அவர்களுடன் குடியேறி வாழ்கின்றனர். மேற்கே முக்காலிப் பக்கம் மழை மிகுதி. கிழக்கே அகளி, சோலையூர்ப் பக்கம் மழை மறைவுப் பகுதியாதலின் வறட்சி மிகுதி. ஆனைகட்டி வழியாகக் கோயமுத்தூருக்கும், மலைப்பாதை வழியாக மன்னார்க்காட்டிற்கும் போக்குவரத்து நடைபெறுகிறது.

இத்தகைய ஊர்களில் நாய் பெரும்பாலும் சங்கிலியில் கட்டி வளர்க்கப்படுவதில்லை. ஆட்டு மந்தையைக் காப்பதும், ராகி, சாமை விளையும் நிலத்திற்குள் காட்டுப்பன்றி நுழையாதவாறு இரவிற் குரைப்பதும் அதன் வேலைகள். அது ஒரு வீட்டின் திண்ணையில் உறங்கும், மற்றொரு வீட்டில் கஞ்சி குடிக்கும், பகலில் ஓடைக்கும் காட்டோரத்திற்கும் சென்று வரும். எனவே “வளர்ப்பு நாய்” என்றும் “தெரு நாய்” என்றும் நகரத்தில் வகுக்கும் வேற்றுமை இங்கே பொருந்துவதில்லை. “இது எங்கள் நாய்தான், ஆனால் எல்லா வீட்டிற்கும் போகும்” என்று ஒருவர் கூறுவாராயின், தடுப்பூசியைப் பொறுத்தவரை அந்த நாய் முழு ஊருக்கும் உரியதென்றே கருத வேண்டும்.

வெறிநோய் எவ்வாறு பரவுகிறது?

வெறிநோயை உண்டாக்குவது ஒரு வைரஸ் ஆகும். வெறிகொண்ட விலங்கின் உமிழ்நீரில் இது நிறைந்திருக்கிறது. கடித்த இடத்தில் உட்புகும் வைரஸ் இரத்தத்தின் வழியே செல்வதில்லை. அது நரம்பு வழியே மெல்ல மெல்ல ஊர்ந்து மூளையை அடைகிறது. இப்பயணத்திற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் பிடிக்கும். சிற்சில வேளைகளில் சில நாட்களிலோ, ஓராண்டிற்குப் பின்னரோ நோய் தோன்றுவதுமுண்டு. தலை, முகம், கை விரல் போன்ற நரம்பு செறிந்த இடங்களிற் கடிபட்டால் காலம் குறுகும். குழந்தைகள் உயரத்திற் குறைந்தவர்களாதலால் அவர்களுக்கு முகத்திலும் தலையிலும் கடி விழுவது அதிகம் என்பதை ஆசிரியர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

மூளையை அடைந்த வைரஸ் அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்குகிறது. நாய் வெறிக்குறி காட்டுவதற்குச் சில நாட்கள் முன்னரே அதன் உமிழ்நீரில் வைரஸ் வெளிப்படத் தொடங்கும். குறி தோன்றிய பின் நாய் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும். இதனாற்றான் கடித்த நாயைப் பத்து நாட்கள் கண்காணிக்கும் வழக்கம் ஏற்பட்டது. மனிதருக்கு நோய்க்குறி தோன்றிவிட்டாலோ பிழைப்பது மிக மிக அரிது. நோய் வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. நோய் வராமற் காக்கும் மருந்தே உண்டு.

மனிதருக்கு உண்டாகும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வரை நாய்க்கடியினால் வருவதென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உலகில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் இந்தியாவில் இறப்பதாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. கேரளத்திலும் 2022ஆம் ஆண்டில் இருபதுக்கு மேற்பட்டோர் வெறிநோயால் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் மாநிலமெங்கும் நாய்களுக்குத் தீவிரத் தடுப்பூசி இயக்கம் தொடங்கப்பட்டது.

எனவே வெறிநோய்த் தடுப்பூசி நாயைக் காப்பதற்காக மட்டும் இடப்படுவதன்று. நாயுடன் விளையாடும் குழந்தையையும், பக்கத்து வீட்டாரையும், மேய்ச்சலிலுள்ள ஆட்டையும் மாட்டையும் காப்பதற்காக இடப்படுவதாகும். கேரளத்தில் 1998ஆம் ஆண்டின் ஊராட்சி விதிகளின்படி நாய் வளர்ப்பவர் வெறிநோய்த் தடுப்பூசி இட்டதற்குச் சான்று காட்டி ஊராட்சியில் உரிமம் பெறுதல் வேண்டும். சட்டம் இவ்வாறு வற்புறுத்துவதன் காரணமும் மேலே கூறியதேயாகும்.

குன்னூர் நிலையமும் பழைய அச்சமும்

வெறிநோய்த் தடுப்பின் வரலாறு அட்டப்பாடிக்குத் தொலைவானதன்று. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் முதலில் நாய்களுக்கே மருந்து செலுத்தி அவற்றை நோயெதிர்ப்பு உடையனவாகச் செய்தார். பின்னரே 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் வெறிநாயாற் கடிபட்ட ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அம்மருந்தைச் செலுத்தி அவனைக் காப்பாற்றினார். நம் நாட்டில் இம்மருத்துவத்திற்கென 1900ஆம் ஆண்டு கசௌலியிலும், 1907ஆம் ஆண்டு நீலகிரியிலுள்ள குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் நிறுவப்பட்டன. அட்டப்பாடிக்கு வடக்கே உயர்ந்து நிற்கும் மலைத்தொடரில் அமைந்த குன்னூர் நிலையம் தென்னாட்டு மக்களுக்குப் பல்லாண்டுகள் புகலிடமாக விளங்கியது.

முற்காலத்து மருந்து ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்டது. டேவிட் செம்பிள் என்பார் 1911ஆம் ஆண்டளவில் வகுத்த முறை இது. இதனை வயிற்றுப் பகுதியில் நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு ஊசிகள் வரை இட வேண்டியிருந்தது. சிலருக்கு நரம்புக் கோளாறுகளும் ஏற்பட்டன. இம்மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. உயிரணு வளர்ப்பு முறையில் தயாராகும் தூய மருந்து அதன் இடத்தைப் பெற்றுள்ளது. தற்போது மனிதருக்குக் கையின் மேற்புறத் தோலிலேயே ஊசி இடப்படுகிறது. ஆயினும் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்னும் அச்சம் முதியோரிடம் மறைந்தபாடில்லை. இவ்வச்சத்தாற் கடியை மறைப்பவர் உண்டு, நாட்டு மருந்தோடு நின்றுவிடுபவரும் உண்டு. களப்பணியாளர் இவ்வேறுபாட்டை எடுத்துரைத்து அச்சத்தைப் போக்குதல் வேண்டும்.

எழுபது விழுக்காடு என்பதன் பொருள்

ஊரிலுள்ள எல்லா நாய்களுக்கும் ஊசி இட முடியாதே, சிலவற்றிற்கு மட்டும் இட்டுப் பயனென்ன என்று கேட்கலாம். ஒரு வெறிநாய் தான் இறப்பதற்குள் சராசரியாக எத்தனை நாய்களுக்கு நோயைக் கொடுக்கிறது என்பதிலேதான் இதற்கு விடை இருக்கிறது. பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளின்படி அவ்வெண் இரண்டிற்குக் குறைவானது. ஒரு வெறிநாய் இரண்டு நாய்களுக்கு நோய் கொடுக்கக்கூடும் என்றே கொள்வோம். ஊரில் பாதி நாய்கள் ஊசி பெற்றவையாயின், கடிபட்ட இரண்டில் ஒன்றே நோயுறும். பாதிக்கு மேல் ஊசி பெற்றிருந்தால் ஒன்றிற்கும் குறைவாகவே நோயுறும். ஒன்றிற்குக் குறைந்தால் நோய்ச் சங்கிலி தானே அற்றுப்போகும். கொள்ளை நோய்க்கு இத்தகைய எல்லை ஒன்று உண்டென்பதைக் கணித முறையில் 1927ஆம் ஆண்டு நிறுவிய இருவருள் மெக்கென்ட்ரிக் என்பாரும் ஒருவர். அவர் முன்னாளில் கசௌலி பாஸ்டர் நிலையத்தின் இயக்குநராக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பாதி போதுமாயின் உலக சுகாதார நிறுவனம் எழுபது விழுக்காட்டை இலக்காக வைப்பது ஏன்? இதனைக் கரும்பலகையில் கீழ்க்கண்ட கணக்கின் வாயிலாக மாணவர்க்கு விளக்கலாம். கணக்கிற்காக ஓர் ஊரில் 60 நாய்கள் உள்ளன என்று கொள்க. அவற்றுள் எழுபது விழுக்காடாகிய 42 நாய்கள் ஊசி பெறுகின்றன. நாயின் ஆயுள் ஊர்ப்புறத்திற் குறுகியது. ஓராண்டில் மூன்றில் ஒரு பங்காகிய 20 நாய்கள் இறந்து, அவற்றிற்கு ஈடாக 20 குட்டிகள் சேருகின்றன என்க. இறந்த இருபதில் ஊசி பெற்றவை 14. எஞ்சியவற்றில் ஊசி பெற்றவை 28. அறுபதில் 28 என்பது 47 விழுக்காடு. மறு ஆண்டும் ஊசி இடாவிட்டால் அது ஏறக்குறைய 31 விழுக்காடாகக் குறைந்துவிடும். நாயின் உடலிலுள்ள எதிர்ப்பாற்றல் குறையாவிடினும் ஊரின் எதிர்ப்பாற்றல் குறைந்துவிடுகிறது என்பது இதனால் தெளிவாகும். ஆண்டுதோறும் முகாம் நடத்துவது அதனால்தான் இன்றியமையாததாகிறது.

மேலே கூறியது வெறும் ஏட்டுக் கணக்கன்று. ஜப்பான் நாடு 1950ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, நாய்களைப் பதிவு செய்து ஆண்டுதோறும் ஊசி இடுவதைக் கட்டாயமாக்கியது. 1957ஆம் ஆண்டிற்குப் பின் அந்நாட்டு விலங்குகளிடையே வெறிநோய் காணப்படவில்லை. நம் நாட்டிலும் கோவா மாநிலம் இதே வழியைப் பின்பற்றியது. நாய்களுக்குப் பெருந்திரளாக ஊசி இடுதல், பள்ளிப் பிள்ளைகளுக்கு நாய்க்கடி பற்றிய பாடம் நடத்துதல், ஐயத்திற்கிடமான நாய்களை உடனுக்குடன் பரிசோதித்தல் என்னும் மூன்றையும் அது ஒருங்கே மேற்கொண்டு, 2021ஆம் ஆண்டில் வெறிநோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. நாயால் பரவும் வெறிநோயை 2030ஆம் ஆண்டிற்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டமொன்றை இந்திய அரசு 2021 செப்டம்பர் 28ஆம் நாள் வெளியிட்டது. அந்நாள் பாஸ்டர் மறைந்த நாளும் உலக வெறிநோய் நாளும் ஆகும்.

ஏனைய தடுப்பூசிகள்

இனி இரண்டாம் வினாவிற்கு வருவோம். நாய்க்கு வரும் பிற தொற்று நோய்களுள் நான்கு முக்கியமானவை.

முதலாவது டிஸ்டெம்பர். கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிதல், இருமல், கழிச்சல் ஆகியவற்றுடன் தொடங்கி, பின்னர் உடல் வெட்டி இழுத்தல், வலிப்பு முதலிய நரம்புக் குறிகளாக முடியும். இக்குறிகள் வெறிநோயை ஒத்திருத்தலால், மருத்துவர் பார்த்துக் கூறும்வரை அத்தகைய நாயை வெறிநாய் எனவே கருதி எட்ட நிற்பது அறிவுடைமை.

இரண்டாவது பார்வோ வைரஸ் நோய். இது 1978ஆம் ஆண்டில் உலகெங்கும் புதிதாகப் பரவிய நோயாகும். 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகள் வாந்தியெடுத்து, இரத்தமாகக் கழிந்து, நீர் வற்றி ஓரிரு நாளில் மடிகின்றன. இந்த வைரஸ் மண்ணிற் பல மாதங்கள் உயிரோடிருக்க வல்லது. ஒரு குட்டி இறந்த முற்றத்திற்கு மறு குட்டியைக் கொண்டுவரின் அதுவும் நோயுறுவது இதனாலேயே.

மூன்றாவது தொற்று ஈரல் அழற்சி. நான்காவது லெப்டோஸ்பைரா எனப்படும் எலிக்காய்ச்சல். எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரினால் இது நாய்க்கும் மனிதருக்கும் வருகிறது. நோயுற்ற நாயின் சிறுநீரிலும் கிருமி வெளிப்படும்.

முதல் மூன்று நோய்களுக்கும் கூட்டு ஊசி உண்டு. இதனைக் குட்டிப் பருவத்தில் ஒரு முறைக்கு மேல் இடுவது ஏன் என்பதை விளக்குதல் வேண்டும். குட்டி தாயின் சீம்பாலைப் பருகும்போது தாயின் எதிர்ப்பொருள்களையும் பெறுகிறது. அவை குட்டியைச் சில வாரங்கள் காக்கின்றன. ஆயினும் அவை இருக்கும்வரை தடுப்பூசி மருந்தையும் நோயாகவே கருதி அழித்துவிடுகின்றன. அவ்வெதிர்ப்பொருள்கள் எந்த வாரத்தில் மறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். எனவே ஆறு முதல் எட்டு வாரத்திற் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பதினாறு வாரமோ அதற்கு மேலோ ஆகும்வரை ஊசி இடப்படுகிறது. பல ஊசிகளிட்டும் பதினாறாம் வாரத்தின் ஊசியை விட்டுவிட்டால் முன் இட்டவை வீணாகலாம். மாறாக, ஒரே ஊசிக்குத்தான் வசதி உண்டென்னும் குடும்பத்தினர் அதனைப் பதினாறு வாரத்திற்குப் பின் இடுவதே மிகுந்த பயன் தரும் என்று உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் அறிவுறுத்துகிறது. அகளி போன்ற இடங்களிற் பணியாற்றுவோர்க்கு இக்குறிப்பு மிகவும் உதவும்.

ஆண்டுதோறும் வேண்டுமா?

குட்டிப் பருவ ஊசிகள் முறையாக முடிந்து, ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ மறு ஊசியும் இட்டபின், டிஸ்டெம்பர், பார்வோ, ஈரல் அழற்சி ஆகிய மூன்றிற்கும் எதிர்ப்பாற்றல் பல்லாண்டு நிலைக்கிறது. எனவே இவற்றை மூன்றாண்டிற்கு ஒருமுறைக்கு மேல் இடத் தேவையில்லை என்பது மேற்கூறிய சங்கத்தின் வழிகாட்டுதல். மருந்துப் புட்டியிலுள்ள சீட்டு ஆண்டிற்கொருமுறை எனக் கூறுமாயின், கால்நடை மருத்துவரைக் கலந்து முடிவு செய்க.

எலிக்காய்ச்சல் ஊசியின் பயன் ஏறக்குறைய ஓராண்டே நிற்கும். முதலில் சில வார இடைவெளியில் இருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் இடுதல் வேண்டும். இது எல்லா நாய்க்கும் தேவைப்படுவதில்லை. முக்காலிப் பக்கத்தில் நீர் தேங்கும் வயலோரத்திலும் எலி மிகுந்த கிடங்கிலும் திரியும் நாய்க்கு இது ஏற்றது. வறண்ட மேட்டில், எலி குறைந்த வீட்டில் வாழும் நாய்க்கு இதன் தேவை குறைவு. ஊசி இட்ட நாய் வீட்டிலிருப்பினும், மழைக்காலத்தில் சேற்றில் இறங்குவோர் தம் கால் புண்ணை மூடிக்கொள்ளவும், காய்ச்சல் கண்டால் மருத்துவமனை செல்லவும் தவறலாகாது.

வெறிநோய் ஊசியோ மூன்று மாத வயதில் இடப்பட்டு, பின் மருத்துவர் குறித்தபடி மீண்டும் இடப்பட்டு, நம் நாட்டு வழக்கப்படி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். பெருந்திரள் முகாம்களில் மூன்று மாதத்திற்குட்பட்ட குட்டிகளையும் விலக்காமல் ஊசி இடுக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. முகாம் முடிந்தபின் அக்குட்டியைத் தேடி மலையேறி வருவது எளிதன்று என்பதே அதன் காரணம்.

காட்டிற்கும் நம் நாய்க்கும் உள்ள தொடர்பு

அட்டப்பாடியின் மேற்கே அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா அமைந்துள்ளது. அது 1984ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காட்டோரத்து நாய் அருந்தும் ஓடையிலேயே செந்நாயும் நரியும் நீர் அருந்துகின்றன. நாயின் வெறிநோயும் டிஸ்டெம்பரும் இவ்விலங்குகளையும் பற்றக்கூடியவை. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியில் 1994ஆம் ஆண்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் டிஸ்டெம்பரால் மடிந்தன. குஜராத்தின் கீர்க் காட்டில் 2018ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றுள் சிலவற்றில் அதே வைரஸ் காணப்பட்டது. எனவே காட்டோர ஊர்களில் டிஸ்டெம்பர் ஊசிக்கு மற்ற இடங்களைவிடச் சற்றுக் கூடுதல் மதிப்பு உண்டு.

முடிவு செய்யும் முறை

வீட்டிற்குச் செல்லும் பணியாளர் கீழ்க்கண்ட நான்கையும் வரிசையாகக் கேட்டறிக.

ஒன்று: இந்நாய்க்குக் கடந்த ஓராண்டிற்குள் வெறிநோய் ஊசி இடப்பட்டதா, அதற்குச் சீட்டு உண்டா? சீட்டு இல்லையேல் இடப்படவில்லை என்றே கொள்க. இருமுறை இட்டுவிடுவதால் வரும் தீங்கைவிட இடாமல் விடுவதால் வரும் தீங்கு மிகப் பெரிது.

இரண்டு: நாயின் வயது என்ன? ஓராண்டிற்குட்பட்ட குட்டியாயின் கூட்டு ஊசியைப் பற்றிப் பேசுக. பதினாறு வாரத்தின் ஊசியைத் தனியே வற்புறுத்துக.

மூன்று: நாய் எங்கெங்கு திரிகிறது? நீர்நிலை, எலி மிகுந்த இடம், காட்டோரம் ஆகியவற்றிற்குத் தக எலிக்காய்ச்சல் ஊசியையும் டிஸ்டெம்பர் ஊசியையும் கருதுக.

நான்கு: குடும்பத்தின் வசதி என்ன? வசதி குறைவாயின் வெறிநோய் ஊசி முதலாவது, குட்டிக்குக் கூட்டு ஊசி இரண்டாவது, ஏனையவை அதன் பின் என்னும் வரிசையை ஒளிவின்றிக் கூறுக. யாவும் கட்டாயம் என்று கூறினால், எதையும் செய்யாது விடுவோர் உண்டு.

ஊசி இட்டபின் சில நாய்களுக்குச் சிறு காய்ச்சலும், சோர்வும், ஊசியிட்ட இடத்தில் வீக்கமும் ஏற்பட்டு ஓரிரு நாளில் மறையும். மிக அரிதாக முகம் வீங்குதல், மூச்சுத் திணறல் போன்றவை உடனே தோன்றலாம். ஆதலின் அரைமணி நேரம் நாயை அங்கேயே நிறுத்தி வைப்பது நன்று. காய்ச்சலுற்ற நாய்க்கும் சினையுற்ற நாய்க்கும் எந்த ஊசி இடலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்வார். மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைத்தல் வேண்டும். அது உறைந்து போகவுங் கூடாது. ஊர்களுக்கு நடந்து செல்லும்போது மருந்துப் பெட்டியை வெயிலில் வைப்பதும், பனிக்கட்டியோடு புட்டி நேரே படும்படி வைப்பதும் தவிர்க்கத் தக்கவை. வெப்பத்தாற் கெட்ட மருந்தைக் கண்ணாற் கண்டு அறிய இயலாது. அதனை இட்ட சீட்டு பொய்யான பாதுகாப்பை அளிக்கும்.

ஊசி பெற்ற நாய் கடித்தால்

தடுப்பூசி பெற்ற நாய்தானே கடித்தது என்று அலட்சியம் செய்தலாகாது. ஊசி முறையாக இடப்பட்டதா, மருந்து நன்னிலையில் இருந்ததா என்பதை உறுதியாகக் கூற இயலாத இடங்களே பல. கடிபட்ட இடத்தை உடனே சோப்பிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடங்கள் கழுவுக. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் முதலியவற்றைத் தடவலாகாது. பின்னர் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்க. அட்டப்பாடியிலுள்ள கோட்டத்தறையில் பழங்குடியினருக்கான அரசுச் சிறப்பு மருத்துவமனை உண்டு. தோலுள் இடும் ஊசி முதல் நாள், பின்னர் 3, 7, 28ஆம் நாட்கள் என நான்கு தவணையாக இடப்படும். காயம் ஆழமாக இருந்து இரத்தம் வடிந்தால், காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தும் செலுத்தப்படும். நாயைப் பத்து நாட்கள் கட்டிவைத்துக் கண்காணிக்கலாம். ஆனால் அப்பத்து நாள் கழியட்டும் என்று மனிதருக்கான ஊசியைத் தள்ளிப்போடலாகாது.

ஆசிரியர் கவனத்திற்கு

கீழ்க்காணும் வினாக்களை வகுப்பில் விவாதிக்கலாம்.

1. வெறிநோய் ஊசியை மட்டும் வளர்ப்பவரின் விருப்பத்திற்கு விட முடியாதது ஏன்?

2. ஓர் ஊரில் 90 நாய்கள் உள்ளன. எழுபது விழுக்காடு ஊசி பெறுகின்றன. ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு இறந்து அதே அளவு குட்டிகள் சேர்ந்தால், ஊசி பெற்றவை எத்தனை விழுக்காடாக எஞ்சும்? 60 நாய்களுக்குக் கண்ட விடையுடன் ஒப்பிடுக.

3. குட்டிக்கு எட்டாம் வாரத்தில் ஒரே ஊசியிட்டு நிறுத்துவதினும், பதினாறாம் வாரத்திற்குப் பின் ஒரே ஊசி இடுவது மேலானது ஏன்?

4. உங்கள் ஊரில் ஒரு வீட்டிற்கு மட்டும் உரிய நாய்கள் எத்தனை, பல வீடுகளுக்குச் செல்லும் நாய்கள் எத்தனை? இரண்டாம் வகை நாய்களைத் தடுப்பூசி முகாமிற்கு அழைத்துவரும் பொறுப்பை யார் ஏற்பது?

நான்காம் வினாவிற்கு மாணவர்கள் கொண்டுவரும் கணக்கைத் தாளில் எழுதி அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையிற் கொடுப்பது பயனுடையதாகும். அடுத்த முகாமிற்கு எத்தனை புட்டி மருந்து கொண்டுவர வேண்டும் என்பதை அதைக்கொண்டு அவர்கள் முன்கூட்டியே கணக்கிட இயலும்.